மூலக்கூறு மாதிரிப் பெட்டி: குரோமியத்துக்கு வாழைநார் கட்டவேண்டியிருந்தது

கும்பகோணத்தில் வீட்டிலேயே எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்குக் கனிம வேதியியல் சொல்லித் தருகிறேன். போன மாதம் தஞ்சாவூரில் ஆய்வகச் சாமான் விற்கும் ஒரு கடையில் 1,150 ரூபாய்க்கு இந்தப் பெட்டியை வாங்கினேன். கார்பன், ஹைட்ரஜன் உருண்டைகள் அருமை, குச்சிகள் இறுக்கமாக உட்காருகின்றன, நாலைந்து முறை தரையில் விழுந்தும் எதுவும் உடையவில்லை. ஆனால் நான் வாங்கியதே உலோகமும் கார்பனும் நேராகப் பிணைந்த கரிம உலோகச் சேர்மங்களுக்காக. அங்கேதான் கைவிட்டுவிட்டது.

ஆறு துளை உருண்டையில் குரோமியம் ஹெக்சாகார்பொனைல், அதாவது குரோமியத்தைச் சுற்றி ஆறு கார்பொனைல் (கார்பன் மோனாக்சைடு), இரண்டே நிமிடத்தில் தயார். அதில் பக்கத்துப் பக்கத்து மூன்று கார்பொனைலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பென்சீன் வளையத்தைப் பிடித்தால் பியானோ ஸ்டூல் வடிவம், வளையம் இருக்கை, மிச்ச மூன்று கார்பொனைலும் கால்கள். நைட்ரஜன் சூழலில் பென்சீனோடு கொதிக்கவைக்கும்போது நிஜத்திலும் மூன்று கார்பொனைல்தான் வெளியேறுகிறது. பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது.

சரி, இரண்டு பென்சீன் வளையத்துக்கு நடுவே குரோமியம் உட்காரும் பிஸ்பென்சீன் குரோமியம்? வளையத்தை உலோகத்தோடு சேர்க்கப் பெட்டியில் ஒரு துண்டுகூடக் கிடையாது. கடைசியில் பூக்கட்ட வைத்திருந்த வாழைநாரை நனைத்துக் கிழித்து, மேலே ஆறு கார்பன், கீழே ஆறு கார்பன், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நார், ஒரு துளைக்கு இரண்டாகச் செருகினோம். பன்னிரண்டும் ஒரே நீளம். குரோமியத்துக்கும் கார்பனுக்கும் இடையே எல்லாமே சுமார் 2.14 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்று நான் பல வருடமாகக் கரும்பலகையில் எழுதியதை அன்றுதான் ஒரு பெண் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தாள். இன்னொன்று, வளையத்துக்கு இரட்டைப் பிணைப்புக் குச்சியைப் போடாதீர்கள், இந்தச் சேர்மத்தில் ஆறு கார்பன்-கார்பன் பிணைப்பும் சமம், 1.42 ஆங்ஸ்ட்ராம்.

கூடவே வரும் கையேட்டில் இந்தச் சேர்மத்தின் தயாரிப்பு முறை பற்றி ஒரு வரி இல்லை. 1919-லேயே ஹைன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் குரோமியம் குளோரைடையும் கிரினியார்டு கரணியையும் (மக்னீசியம் சேர்ந்த கரிமச் சேர்மம்) சேர்த்து இந்த வகைச் சேர்மங்களைச் செய்துவிட்டார், வடிவம்தான் பிடிபடவில்லை. 1955-இல் ஃபிஷரும் ஹாஃப்னரும் நீரற்ற குரோமியம் குளோரைடு, அலுமினியத் தூள், அலுமினியம் குளோரைடு, பென்சீன் சேர்த்துச் சூடாக்கி முதலில் பிஸ்பென்சீன் குரோமியத்தின் நேர்மின் அயனியை எடுத்தார்கள், அப்புறம் காரக் கரைசலில் டைதயோனைட் என்ற உப்பால் ஒடுக்கினார்கள், அதாவது அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்தார்கள். கிடைத்த பழுப்புக் கறுப்புப் படிகம் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். நம் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க முடியாத ஒன்று, அதனால்தான் மாதிரி சரியாக இருக்கவேண்டும் என்கிறேன்.

கரிம வேதியியலுக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். உலோகத்துக்கும் சேர்த்து என்றால் ஆறு துளை உருண்டை எத்தனை என்று கடையிலேயே திறந்து எண்ணிக்கொள்ளுங்கள், எனக்கு வந்த பெட்டியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.