சிறு படகில் பிள்ளைகளுக்கான லைஃப் ஜாக்கெட்: நோர்வேக் கடைகளில் கிடைப்பவற்றில் எது உதவும்?

கடையில் ஜாக்கெட்டைப் பிள்ளைக்குப் போட்டு, எல்லாப் பட்டியையும் இறுக்கிய பிறகு, இரண்டு தோள்பக்கத்தையும் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். பிள்ளையும் சேர்ந்து எழும்ப வேண்டும். ஜாக்கெட் மட்டும் எழும்பி, நாடி உள்ளே புதைந்து, கழுத்துத் துவாரம் காதுவரை வந்தால் அதைத் திரும்பத் தொங்கவிட்டுவிடலாம். விலை, நிறம், முன்பக்கத்து மீன் படம் எல்லாவற்றையும் இதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

“வளருற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசா எடுப்பம்” என்ற நம் வழக்கம் குளிர்ச் சட்டைக்குச் சரி. இங்கே அது ஆபத்து. தண்ணீருக்குள் ஜாக்கெட் மேலே போகப் பார்க்கும், உடம்பு கீழே போகப் பார்க்கும். நடுவில் இடைவெளி இருந்தால் பிள்ளை ஜாக்கெட்டுக்குள்ளேயே வழுக்கி இறங்கி, வாயும் மூக்கும் நீர்மட்டத்துக்கு வந்துவிடும். பயத்தில் கையை மேலே தூக்கினால் முழுதாக நழுவி வெளியே போகவும் கூடும். ஆகவே வயதைக் கேட்டு எடுத்துத் தரும் விற்பனையாளரை நம்பாமல், உள்பக்கத் துணியில் அச்சிட்ட கிலோவைப் பாருங்கள். நாலு வயதுப் பிள்ளைகள் இருவருக்கு இடையில் ஐந்து கிலோ வித்தியாசம் இருப்பது சாதாரணம். கடைக்குப் போகும் முன் வீட்டில் நிறுத்துவிட்டுப் போங்கள்.

நோர்வேயில் 2015 மே 1 முதல், 8 மீற்றருக்குக் குறைந்த உல்லாசப் படகு ஓடிக்கொண்டிருக்கையில் வெளியே இருக்கும் எல்லாரும் மிதவை உடை அணிய வேண்டும் என்பது சட்டம். பெரியவர், பிள்ளை என்ற பேதம் இல்லை. ஆனால் சட்டம் பேசுவது படகு ஓடும் நேரத்தை. எஞ்சினை நிறுத்தி மக்ரெலுக்குத் தூண்டில் போடும்போதுதான் பெரியவர்களின் கண் தூண்டிலில் இருக்கும், பிள்ளை ஓரத்தில் எட்டிப் பார்க்கும். படகுத்துறைப் பலகையிலும் அதே கதை. கார் கதவு திறக்கும்போது ஜாக்கெட் ஏற வேண்டும், திரும்பக் காருக்குள் ஏறும்போதுதான் கழற வேண்டும்.

கடையில் இரண்டு பெயர்கள் காதில் விழும்: ரெட்னிங்ஸ்வெஸ்ட், ஃப்ளூட்டவெஸ்ட். முதலாவது மயங்கிய ஆளையும் முகம் மேலே இருக்கும்படி திருப்ப வடிவமைத்தது, 100 நியூட்டனும் அதற்கு மேலும். இரண்டாவது 50 நியூட்டன். நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு. அது முகத்தைத் திருப்பித் தராது. 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும் விசை. இதில் ஒரு குழப்பம் உண்டு: 100 என்பது பெரியவர் அளவுக்கான கணக்கு. அதே வகையில் பிள்ளை அளவை எடுத்தால் உள்ளிருக்கும் நுரை குறைவு, மிதவை விசையும் குறைவு. அதில் பிழை இல்லை, உடலுக்கேற்ற கணக்கு அது.

நம் தீர்ப்பைச் சுற்றி வளைக்காமல் சொன்னால்: நீந்தத் தெரியாத எந்தப் பிள்ளைக்கும், அடிப்படையாக நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும், நுரை நிரப்பிய, கொலர் வைத்த 100 நியூட்டன் வகையே. இந்த வகையில் கைக்குழந்தை அளவிலிருந்து 40, 50 கிலோ வரை கிடைக்கும். நல்லதை அடையாளம் காணக் கையில் எடுத்து இவற்றைப் பாருங்கள். கொலர் இரண்டு மூன்று துண்டாக, தலைக்குப் பின்னால் அகலமாக இருக்க வேண்டும்; தலையைத் தாங்குவது அதுதான். பிடரிக்குப் பின்னால் தடித்த பட்டியில் தூக்கும் கைப்பிடி. அதன் தையல் துணியோடு மட்டும் நிற்காமல் இடுப்புப் பட்டி வரை இறங்கியிருந்தால் நம்பலாம். முன்னால் சிப், அதன் மேல் இடுப்புக் கொளுக்கி. சிப் மட்டும் போதாது. விசில், ஒளி தெறிக்கும் பட்டி. கடைசியாக, கவட்டுப் பட்டி.

இந்தக் கவட்டுப் பட்டியைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் படகுத்துறைகளில் அது பின்னால் வால் மாதிரித் தொங்கிக்கொண்டிருப்பதையே அதிகம் காணலாம். பிள்ளை அழுகிறது, பம்பர்ஸுக்கு மேல் உரசுகிறது, சிறுநீருக்குப் போகும்போது கழற்ற வேண்டியிருக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் ஜாக்கெட் மேலே ஏறாமல் பிடித்து வைப்பது அது ஒன்றுதான். விழுந்த பிள்ளையைப் பிடரிக் கைப்பிடியில் பிடித்து இழுக்கும்போது அது பூட்டாமல் இருந்தால், ஜாக்கெட் உங்கள் கையில் இருக்கும், பிள்ளை தண்ணீரில் இருக்கும். சிறியவர்களுக்கு இரண்டு காலுக்கும் தனித்தனிப் பட்டி வைத்தது இன்னும் நல்லது. அளவு: பட்டிக்கும் தொடைக்கும் இடையில் உங்கள் இரண்டு விரல் படுக்கையாகப் போனால் போதும். மே மாதத்தில் தடித்த குளிர்ச் சட்டைக்கு மேல் சரிசெய்த பட்டியை யூலையில் ரீ-சேர்ட்டுக்கு மேல் அப்படியே விட்டால் தொளதொளக்கும். ஒவ்வொரு முறையும் இறுக்குங்கள்.

இந்த வகையின் குறைகளும் இருக்கின்றன. கைக்குழந்தைக்குக் கொலர் பெரிது. உட்கார்ந்து தூங்கினால் தலையை முன்னுக்குத் தள்ளி நாடியை நெஞ்சில் சேர்த்துவிடும். தூங்கும் குழந்தையை மடியில் சரித்துப் பிடியுங்கள், மூச்சைக் கவனியுங்கள். கார் இருக்கையில் கட்டிப் படகில் வைப்பது கூடவே கூடாது. படகு கவிழ்ந்தால் இருக்கையோடு போகும். புதுசாக இருக்கையில் நுரை விறைப்பு, பிள்ளை மூட்டை மாதிரி நடக்கும், வெயிலில் வியர்க்கும். வீட்டுக்குள் கால் மணி நேரம் போட்டு விளையாட விட்டால் பழகிவிடும்.

50 நியூட்டன் வகை மெல்லியது, அழகு, பிள்ளைகள் விரும்பிப் போடுவார்கள், விலையும் குறைவு. உறுதியாக நீந்தும், குளிர்நீருக்குப் பழகிய பெரிய பிள்ளைக்கு, கரையோரக் கயாக்குக்கு அது நல்ல பொருள். “நீச்சல் வகுப்பு முடிச்சிட்டான்” என்பதற்காக எட்டு வயதுப் பையனுக்கு அதை எடுப்பது வேறு விஷயம். சூடாக்கிய நீச்சல் தடாகத்தில் 25 மீற்றர் நீந்துவதற்கும், மே மாத ஃபியோர்டில் உடுப்போடு விழுவதற்கும் தொடர்பே இல்லை. குளிர்நீரில் விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தானாக இழுத்து வாங்கும். வாய் அப்போது நீருக்கடியில் இருந்தால் அது தண்ணீரைத்தான் இழுக்கும். பத்து நிமிடத்துக்குள் கைகாலுக்கு வலு போய்விடும். உடல் சிறுத்த பிள்ளைக்கு வெப்பம் இன்னும் வேகமாக இறங்கும்.

தானாக ஊதும் வகை பிள்ளைகளுக்கும் வருகிறது. உடம்பில் பாரம் தெரியாது என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் சிறு திறந்த படகில் தெறிக்கும் நீரிலும் மழையிலும் அது வீணாக வெடித்து ஊதும் வாய்ப்பு அதிகம். ஒருமுறை ஊதினால் வாயுக் குப்பியும் நீர்பட்டால் கரையும் உருளையும் மாற்ற வேண்டும். குப்பி திருகு தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் பார்க்க வேண்டும், உருளையின் காலாவதித் திகதியைப் பார்க்க வேண்டும். இதைத் தவறாமல் செய்யும் வீடுகள் குறைவு. நுரைக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. தானாக ஊதும் வகையைச் சின்னப் பிள்ளைக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். கையில் ஊதி மாட்டும் காற்றுப் பட்டைகள் விளையாட்டுச் சாமான். படகில் அவற்றுக்கு வேலை இல்லை.

நிறம் பற்றி ஒரு வரி: கடல்நீலமும் சாம்பலும் அழகுதான், அலையில் தேடுபவருக்கு அவை தண்ணீர். செம்மஞ்சள், மஞ்சள், சிவப்பு எடுங்கள்.

ஃபின் என்ற இணைய விற்பனைத் தளத்தில் பழையது வாங்குபவர்கள் படத்தை நம்பாமல் நேரில் பாருங்கள். நுரையைப் பெருவிரலால் அழுத்தி விட்டால் பழையபடி எழ வேண்டும். அழுத்திய பள்ளம் நின்றால், அல்லது உள்ளே அப்பளம் மாதிரி நொறுங்கும் சத்தம் வந்தால், வேண்டாம். ஜாக்கெட்டின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்தே பல ஜாக்கெட்டுகள் சாகின்றன. படகில் மெத்தையாகப் போடுவது நம்மிடமும் உண்டு. துணி வெளுத்திருந்தால் தையல் நூலும் வெயிலில் நைந்திருக்கும்: பட்டியை இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். கொளுக்கியை அடைத்துத் திறந்து பாருங்கள், ‘டக்’ என்ற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். உப்புநீரில் போட்டதை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள், ஹீட்டரின் மேல் அல்ல.

பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் வாங்கும், பிள்ளையைப் படகோடு கொளுவும் கட்டுப்பட்டியும், படகின் விளிம்பில் கட்டும் ஓர வலையும் தனிக் கதை. கட்டுப்பட்டியின் கயிறு பிள்ளை ஓரத்தை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும். பெரியவரின் இரண்டு மீற்றர்க் கயிறு பிள்ளையை வெளியே விழ விட்டு இழுத்துக்கொண்டு போகும். கொளுக்கியை ஓரக் கம்பியில் போடாதீர்கள், தளத்தில் பதித்த வளையத்தில் போடுங்கள். கவிழக்கூடிய சிறு திறந்த படகில் பிள்ளையை எதனோடும் கட்டக் கூடாது. ஓர வலை பொம்மையையும் பந்தையும் நன்றாகக் காக்கும். ஏறத் தெரிந்த பிள்ளைக்கு அது ஏணி.

ஜாக்கெட்டோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இன்னொரு பொருள் எஞ்சினிலேயே இருக்கிறது: ஓட்டுபவர் காலில் மாட்டும் சிவப்புச் சுருள்கயிறு. அவர் விழுந்தால் எஞ்சின் நிற்கும். இல்லாவிட்டால் படகு பிள்ளைகளோடு தனியே ஓடும். பிள்ளை விழுந்தால் உடனே நியூட்ரல், சுக்கானை விழுந்த பக்கத்துக்கே திருப்புங்கள்: பின்பக்கமும் விசிறியும் பிள்ளையிலிருந்து விலகும். ஒருவர் கையை நீட்டிக் காட்டியபடி கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். பக்கத்தில் வந்ததும் எஞ்சினை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். வெப்பமான ஒரு நாளில், இடுப்பளவு தண்ணீரில், ஜாக்கெட்டோடு பிள்ளையை மிதக்க விட்டு இதை ஒருமுறை செய்து பாருங்கள். முகம் மேலே வருகிறதா, ஜாக்கெட் ஏறுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும், கடையில் தெரியாது.

கோடையில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் அவர்களின் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பதுதான் மிச்சம். பெரியவரின் ஜாக்கெட்டைப் பட்டி சுற்றி இறுக்கிக் கட்டுவது மேலே சொன்ன தூக்கும் சோதனையில் முதல் தரமே தோற்கும். அண்டை வீட்டில் கேளுங்கள், அளவானது கிடைத்தால் நல்லது. கிடைக்காத பிள்ளை ஒரு பெரியவரோடு கரையில் நிற்கட்டும். மக்ரெல் கரையில் நின்றாலும் கடிக்கும்.