டிராக்டர் டிரெய்லருக்குப் பழைய லாரி ஆக்சில்: ஓட்டிப் பார்த்த வரையில்

எங்கள் டிராக்டர் டிரெய்லர் காயலான் கடையில் எடுத்த லாரி பின் ஆக்சிலில்தான் ஓடுகிறது. எரு, செங்கல், கரும்பு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பழையதைப் போடலாமா என்று கேட்டால், டிராக்டர் போகும் வேகத்துக்குப் போடலாம். பிக்கப்புக்குப் பின்னால் கட்டி பைபாஸில் போக வேண்டுமென்றால் வேண்டவே வேண்டாம்.

லாரி ஆக்சிலைத் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. அதில் பாரத்தைத் தாங்குவது ஹவுசிங் குழாய். உள்ளே இருக்கும் ஷாப்ட்டுக்குச் சக்கரத்தைச் சுற்றும் வேலை மட்டும்தான். நடுவில் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனையும் ஷாப்ட்டையும் உருவி எடுத்தாலும், சக்கரம் மாட்டும் ஹப் தன் இரண்டு பேரிங்கில் அப்படியே நிற்கும். பல கார், ஜீப்களில் ஷாப்ட்டேதான் எடையையும் தாங்கும். கடைக்காரர் "இதுவும் ஆக்சில்தானே" என்று அதைத் தலையில் கட்டப் பார்ப்பார், உஷார்.

ஷாப்ட்டை உருவியதும் ஹப்பின் வாய் திறந்துவிடும். சில மாடல்களில் ஹப் பேரிங்குக்கு ஆயிலே கிரவுன் பக்கமிருந்துதான் வரும், அதுவும் நின்றுபோகும். கிரீஸ் அடைத்து, வாயை இறுக்கமாக மூட வேண்டும். எங்களுக்குச் செய்த பட்டறைக்காரர் ஒரு தகரத்தை வெட்டி வைத்து அனுப்பிவிட்டார். மழைக்காலத்தில் சேற்று வயலில் இறங்கி வந்தபின் கழற்றினால், உள்ளே கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பேரிங் உருளைகளில் புள்ளி புள்ளியாக அரிப்பு. இரண்டு பக்கமும் பேரிங், ஆயில் சீல் புதிதாகப் போட்டு, லேத்தில் கனமான தட்டு கடைந்து பேக்கிங்கோடு மூடிய பிறகு தொல்லை இல்லை.

வாங்கும்போது பேரிங்கைக் கழற்றச் சொல்லி, அது உட்காரும் இடத்தைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் ஒருகாலத்தில் சூடேறி ஓடியிருக்கிறது. விரல் நகம் தட்டுகிற அளவு கோடு விழுந்திருந்தால் பேரிங் அங்கேயே சுழன்றிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பேரிங் இடம் முடிந்து குழாய் தடிக்கும் அந்த மூலையில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். சிவப்புச் சாய ஸ்ப்ரே அடித்து, சற்று ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை ஸ்ப்ரே அடித்தால் விரிசல் சிவப்பு நூலாக எழும். வளைந்ததைக் காய்ச்சி நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பட்டையையும் (வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் தகடுகள்) யூ கிளாம்ப் போட்டே பிடியுங்கள். ஆக்சிலில் நேராக வெல்டிங் வைத்தால் அதன் ஓரத்திலேயே கீறல் விடும்.

அப்புறம் எடை. நான்கு டயர் போட்ட ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பை மத்திய அரசு 2018இல் 11.5 டன் ஆக்கியது. அதைச் சொல்லி இஷ்டத்துக்கு ஏற்றுகிறார்கள். அது கம்பெனியிலிருந்து முழுசாக வந்த லாரியின் ஆக்சிலுக்குச் சொன்ன கணக்கு. இங்கே பட்டை, டயர், கொக்கி இவற்றில் எது பலவீனமோ அதுதான் வரம்பு. பக்கத்துக்கு ஒரே டயர் போட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு: ஜோடி டயருக்கென்று அமைந்த ஹப்பில் பாரம் பேரிங்குகளின் நடுவில் விழாமல் ஒரு பக்கமாக விழும், அந்தப் பக்கத்துப் பேரிங் சீக்கிரம் போகும்.

எனக்கு இன்றும் திருப்தி இல்லாதது பிரேக். டிரம் இருக்கிறது, இணைப்பு இல்லை. ஏர் பிரேக் கொடுக்க டிராக்டரில் கம்ப்ரசர் வேண்டும், பழைய ஆக்சிலில் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். அதனால் இறக்கம் உள்ள பாதையில் பாதி லோடுதான் ஏற்றுகிறோம், முதலிலேயே சின்ன கியருக்கு வந்துவிடுகிறோம்.