இன்டீரியர் டிசைன்: ஓராண்டு டிப்ளமோவா, பி.ஆர்க்கா?

பி.ஆர்க் என்ற கட்டடக்கலைப் பட்டப்படிப்பு 5 ஆண்டு. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், பிறகு நாட்டா என்ற நுழைவுத் தேர்வு. மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரியிலேயே உண்டு. ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிந்தவர்தான், 1972 சட்டப்படி, ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்டலாம். இன்டீரியர் டிசைனருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

டிப்ளமோவில் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் போன்ற வரைபட மென்பொருள்கள் சீக்கிரம் கைக்கு வரும். இடறுவது சைட்டில்தான். படத்தில் மில்லிமீட்டர், ஆசாரி கேட்பது அடி, அங்குலம். பிளைவுட் 8க்கு 4 அடி. அலமாரியின் ஆழத்தை 25 அங்குலம் என்று வரைந்தால் 48 அங்குல அகலத்தில் ஒரு பட்டைதான் தேறும், மிச்சம் வீண், 23.5 என்றால், ரம்பம் தின்பது போக, இரண்டு கிடைக்கும். சிங்க்குக்குக் கீழே 710 கிரேடு (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) என்று எழுதாமல் விட்டால் சாதா பிளைதான் வரும், ஊறி உப்பும். இதைப் பெரும்பாலும் பட்டறைதான் கற்றுத் தரும், பி.ஆர்க்கும் அல்ல.

பி.ஆர்க் தருவது வேறு: எந்தச் சுவரில் கை வைக்கலாம் என்ற தெளிவு. மதுரை மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் செங்கல் சுவரே மாடியைத் தாங்கும். ஹாலைப் பெரிதாக்க அதை இடித்தால் கூரை விரிசல் விடும்.

ஆக, மாடுலர் கிச்சன், கடை உள்வேலை மட்டும் போதுமென்றால் டிப்ளமோ, கூடவே ஆறு மாதம் மரப்பட்டறை. பழைய வீட்டைப் புதுப்பிக்க ஆசையென்றால் பி.ஆர்க், அப்போதும் இடிக்கும் முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்டாக வேண்டும்.