ஃபர்னஸில் ஹியூமிடிஃபயர் போடப் போகிறீர்களா? என் 1,130 டொலர் போன கதையை வாசித்துவிட்டுப் போடுங்கள்

1,130 டொலர். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோடு, காற்றுக்கு ஈரம் ஏற்றும் ஹியூமிடிஃபயர் மெஷின் பூட்டக் கொடுத்த காசு. ஆயிரம் சாமானுக்கும் வேலைக்கும், 130 வரி. வாங்கிக்கொண்டு போனவர்கள் இன்றுவரை ஒரு துண்டு பில் தரவில்லை, போட்ட சாமானும் ஒரு நாள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. கோபம் ஆற முதல் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் ஆறினால் 'சரி, போகட்டும், அலைய ஏலாது' என்று நாங்கள் விட்டுவிடுவோம், இந்த ஆட்கள் பிழைப்பதே அதை நம்பித்தான். இங்கே கனடாவில், டொரன்டோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் முழுதாக வாசியுங்கள். போட முதல் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது ஸ்காபரோவில் பழைய வீடு, பேஸ்மென்டில் காஸ் ஃபர்னஸ். ஜனவரி வந்தால் வீட்டுக்குள் இருக்கும் நிலை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியே முழங்கால் அளவுக்கு ஸ்னோ, உள்ளே தொண்டை காய்ந்து கிடக்கும். மைனஸ் 15 பாகையில் இருக்கும் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும், அதை உள்ளே எடுத்து 21 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நாங்கள் சமைப்பதும் குளிப்பதும் மூச்சு விடுவதும்தான் அதைக் கொஞ்சமாவது தூக்கி வைக்கிறது. மகனுக்கு விடியப்புறம் மூக்கால் இரத்தம், தலையணை உறை மாற்றி மாற்றிக் களைத்துவிட்டேன். மாமிக்குக் குதிக்கால் வெடித்து நடக்க முடியாது, தேங்காய் எண்ணெய் பூசலாம் என்றால் அது போத்தலுக்குள் கட்டிபட்டுக் கிடக்கிறது. கதவுப் பிடியைத் தொட்டால் 'டிக்' என்று கரண்ட் அடிக்கும். அறைக்கு அறை சின்ன மெஷின் வைத்துத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு திரிவதைவிட, ஃபர்னஸோடு சேர்த்து ஒன்று போட்டால் முழு வீட்டுக்கும் போதும் என்று இவர், என் கணவர், சொன்னார். அது சரியான யோசனைதான், இப்போதும் அதைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

ஆளைப் பிடித்தது தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் பத்திரிகை விளம்பரத்தில். பெயர் இங்கே எழுதவில்லை. ஹீற்றிங், ஏசி வேலை செய்யும் ஒரு சிறிய கொம்பனி, அவ்வளவுதான்.

வந்தவர் நல்ல மரியாதையான பிள்ளை. சப்பாத்தைக் கழற்றி வாசலில் நேராக அடுக்கி வைத்தார், மாமியைக் கண்டதும் "அம்மா, எந்த ஊர்?" என்று கேட்டார், மாமி சொல்ல, தன்னுடைய தாய்வழிச் சொந்தமும் அந்தப் பக்கம்தான் என்றார். மாமி அவ்வளவு சந்தோஷமாகக் கதைத்து நான் பார்த்து எவ்வளவோ நாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பிறகு பையிலிருந்து தீப்பெட்டி அளவில், ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் ஒரு மீற்றரை எடுத்தார். மேலே மகனின் அறைக்குக் கொண்டுபோய், சூடான காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். 16 காட்டியது. "பாத்தீங்களா அக்கா, 16. பிள்ளைக்கு ஏன் இரத்தம் வராது?" என்றார். எனக்கு வயிறு கலங்கியது.

இரண்டு நாளில் வந்து பூட்டினார். பேஸ்மென்டில் ட்ரில் சத்தம், தகரம் வெட்டுகிற சத்தம், முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து, அதே மீற்றரை எடுத்து என் குசினி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் 41. எனக்கும் இவருக்கும் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் கேத்தில் வேறு. மீற்றர் பொய் சொல்லவில்லை, அதை வைத்த இடம்தான் பொய். முதல் தரம் சூடான காற்றுக்கு நேரே, இரண்டாம் தரம் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில். எத்தனை வீட்டில் இதே வித்தையைக் காட்டியிருப்பாரோ தெரியாது, கை அவ்வளவு பழகியிருந்தது.

"வரியோட சேர்த்து 1,130 அக்கா, இ-ட்ரான்ஸ்ஃபர் போட்டுவிடுங்கோ, பில்லும் வாரண்டிப் பேப்பரும் ஒஃபிஸால ஈமெயில் வரும்." பாங்க் கணக்கிலிருந்து போனாலேயே காசை அங்கேயே அனுப்பினோம். அவருடைய போனில் 'டிங்' என்று சத்தம் வந்ததும்தான் சப்பாத்தைப் போட்டார். ஈமெயில் வரவில்லை.

பிறகுதான் கூத்து. பத்து, பதினைந்து டொலருக்கு ஒரு மீற்றர் வாங்கி ஹோலில் வைத்தேன். 19. அடுத்த நாள் 18. மகனின் மூக்கு அப்படியேதான். கீழே போய்ப் பார்த்தால் அந்தப் பெட்டியின் அடியிலுள்ள குழாயால் தண்ணீர் இரவு பகலாக நிலத்து வடிகாலுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. போன் எடுத்தேன். "அக்கா, தண்ணி ஓடுதெண்டால் அது வேலை செய்யுது எண்டு அர்த்தம். ஓடாட்டித்தான் பயப்பிட வேணும்." இதில் அரைவாசி உண்மை வேறு இருக்கிறது, அதுதான் ஆத்திரம். இந்த வகை மெஷினில் ஒரு வலைத் தகட்டின் மேல் தண்ணீர் வடியும், சூடான காற்று அதற்குள்ளால் போய் ஈரத்தை எடுக்கும், மிச்சத் தண்ணீர் கீழே போகும். ஆனால் ஈரம் போதும் என்றால் நிற்க வேண்டும், நின்று நின்று ஓட வேண்டும். எங்களுடையது நிற்கவே இல்லை.

திரும்ப எடுத்தால், "உங்கட வீடு பழசு அக்கா, காத்தெல்லாம் யன்னலுக்கால போகுது, மெஷின் என்ன செய்யும்?" இதே வீட்டை வந்து பார்த்துத்தானே தம்பி விலை சொன்னீர் என்று கேட்டேன். "வாற கிழமை அந்தப் பக்கம் வேலை இருக்கு, அப்ப ஒருக்கால் எட்டிப் பாக்கிறன்." அந்தக் கிழமை வரவே இல்லை. பிறகு ஒரு பிள்ளை போன் எடுக்கத் தொடங்கினா. அண்ணா மிசிசாகாவில் நிக்கிறார், அண்ணா ட்ரைவ் பண்ணுறார், அண்ணா மீற்றிங்கில. பில் எங்கே என்று கேட்டால், "சிஸ்டம் டவுன்." வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. இவர் தன்னுடைய வேலையிடத்து நம்பரிலிருந்து அடித்தார், உடனே எடுத்து "வணக்கம், சொல்லுங்கோ" என்று குழைந்த அதே குரல், யார் என்று தெரிந்ததும் "கேக்குதில்ல, கேக்குதில்ல" என்று கட் பண்ணியது.

போன கிழமை இரவு வெளியே மைனஸ் 17. ஃபர்னஸ் நின்றுவிட்டது. மாமியை இரண்டு கம்பளி போட்டுப் போர்த்து வைத்துவிட்டு, அவசரத்துக்கு வேறொரு ஆளைக் கூப்பிட்டோம். வயதான மனுசன், வேற்று இனத்தவர், அதிகம் கதைக்கவில்லை. டோர்ச்சை அடித்து மூடியைத் திறந்தார், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே இருந்த தகடு புதுசு இல்லை. சுண்ணாம்பு ஏறி, பழைய கேத்திலின் அடி மாதிரி வெள்ளையாகக் கட்டிப்போய் இருந்தது. பெட்டியில் சீரியல் நம்பர் இருக்க வேண்டிய ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தார்கள். யாரோ வீட்டில் கழற்றிய சாமானைத்தான் எங்களுக்குப் பூட்டியிருக்கிறார்கள். காற்று போகிற வட்டக் குழாயில் ஒரு சின்னப் பிடி இருக்கிறது, கோடைக்கு 'சமர்', குளிருக்கு 'வின்டர்' என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, அது சமரில் கிடந்தது. அப்படியென்றால் குழாய் மூடி, தகட்டுக்குள்ளால் காற்றே போகவில்லை. ஈரம் போதும் என்றதும் தண்ணீரை நிறுத்துவதற்கு என்று சுவரில் அழகாக ஒரு ஈரப்பதக் கட்டுப்படுத்தியும் பூட்டியிருந்தார், அதற்கு வயரே கொடுக்கவில்லை, கீழே இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறார், அதனால்தான் தண்ணீர் நிற்காமல் ஓடியது. வடிகால் குழாய் ஓரிடத்தில் மடிந்து, தண்ணீர் மேலே தேங்கி, தகரப் பொருத்தால் கசிந்து, ஃபர்னஸின் எலக்ட்ரானிக் போர்டில் சொட்டியிருக்கிறது. போர்ட் போய்விட்டது. அதற்கு வேறு காசு கட்டினோம், அதை இந்த 1,130 டொலரில் நான் சேர்க்கவில்லை.

41 காட்டிய கதையைச் சொன்னேன். அந்த மனுசன் சிரிக்கவும் இல்லை. நல்ல மெஷின் போட்டால்கூட முழு வீடும் ஏற ஒரு நாளுக்கு மேல் எடுக்கும், காய்ந்த சுவரும் மரமும் கம்பளமும் முதலில் ஈரத்தை உறிஞ்சும் என்றார். பூட்டிய கையோடு 41 என்று யாராவது காட்டினால் அவரை வாசலோடு அனுப்பச் சொன்னார்.

எனக்கு எல்லாவற்றையும்விட அந்த 130 டொலர்தான் நெஞ்சுக்குள் நிற்கிறது. 13 சதவீத வரி என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்? பில் இல்லை, வரி நம்பர் இல்லை. அது எந்த அரசாங்கத்துக்குப் போனது? 1,130 டொலர் இவருக்கு எத்தனை ஓவர்டைம் இரவு என்று அந்தத் தேத்தண்ணி குடித்த பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும். ஊர் கேட்டு, சொந்தம் கொண்டாடி, மாமி இப்போதும் "அந்தப் பெடியன் அப்படிச் செய்திருக்க மாட்டான், ஒஃபிஸ்காரர்தான்" என்கிறா. அவவிடம் என்ன சொல்ல?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், மகன் எழும்பிவிட்டான், இரவுச் சமையலும் கிடக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மீற்றரை நீங்களே முதலில் வாங்கி, குசினியும் காற்றுத் துவாரமும் இல்லாத இடத்தில் வையுங்கள். பெட்டியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், சீரியல் நம்பரைப் படம் எடுங்கள். பில் கையில் வராமல் இ-ட்ரான்ஸ்ஃபர் போடாதீர்கள், அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியாது. ஃபர்னஸில் கை வைப்பவரிடம் காஸ் டெக்னீஷியன் உரிம அட்டையைக் கேளுங்கள். குளிர்காலத்துக்கு 30 சதவீதம் அளவு போதும் என்றுதான் கனடாச் சுகாதார அமைச்சும் சொல்கிறது, கூட வைத்தால் யன்னலில் தண்ணீர் வடிந்து பூஞ்சணம் பிடிக்கும்.

இன்னொன்று, இது நேற்றுத்தான் தெரிந்தது. ஒன்ராறியோவில் வீட்டுக்கு வந்து செய்யும் ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஒழுங்கான பிரதியே தராவிட்டால் ஒரு வருடம் வரை ரத்துச் செய்யலாம், அவர்கள் 15 நாளுக்குள் காசைத் திருப்ப வேண்டும். பில் தராமல் ஒளித்தது அவர்களுக்கே வினையாகிவிட்டது. ரத்துக் கடிதத்தை இன்று பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். தராவிட்டால் அடுத்தது அரசாங்கத்தின் நுகர்வோர் பிரிவுக்கு முறைப்பாடு. என்ன நடந்தது என்று இதன் கீழேயே எழுதுகிறேன்.