பழைய பீப் சைட்டை .303 ரைஃபிளில் மாட்டிச் சில வருடம் ஓட்டியதில் தெரிந்தது

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய .303 ரைஃபிளான லீ-என்ஃபீல்ட் நம்பர் 4-ஓடு வரும் பின் சைட் (குறி பார்க்கும் கருவி) ஒன்றும் மட்டமானதில்லை. ரிசீவரின், அதாவது போல்ட் ஓடும் உடல் பகுதியின், பின்கோடியில், கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு துளை. இப்படித் துளை வழியாகப் பார்ப்பதுதான் பீப் சைட். அதன் உயரத்தைத் திருகி 200 கஜத்திலிருந்து 1300 கஜம் வரை வைத்துக்கொள்ளலாம். இதற்கு முந்தைய நம்பர் 1 ரைஃபிளில் பின் சைட் பேரல் மேல் இருந்தது. அதில் துளை கிடையாது, வெட்டு மட்டும்தான். நம்பர் 4-ல் இரண்டு சைட்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 73 சென்டிமீட்டர். போர் வீரனுக்கு இது தாராளம். ஆனால் டார்கெட் அடிக்கப் படுத்தால் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கும்: இடம் வலம் திருத்த பின் சைட்டில் வழியில்லை. காற்று பக்கவாட்டில் அடித்தால் ஓரம் பார்த்துக் குறி வைக்க வேண்டியதுதான். நிரந்தரமாகத் திருத்த வேண்டுமென்றால் முன் சைட்டை அதன் பள்ளத்தில் நகர்த்த வேண்டும்.

இதற்காகவே அந்தக் காலத்தில் டார்கெட் சைட்கள் வந்தன. பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் செய்த 5சி இந்த ரைஃபிளுக்கென்றே வந்தது. ஏ. ஜே. பார்க்கர் என்ற இன்னொரு நிறுவனத்தின் ‘ட்வின் ஸீரோ’வும் பேர் போனது. இரண்டையும் ஒரே கம்பெனி என்று குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இப்போது கிடைப்பது பெரும்பாலும் பழைய சரக்குதான். நான் மாட்டியிருப்பதும் அந்த வகையில் கைமாறி வந்த ஒன்று.

பழைய சைட் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது கண் வைக்கும் துளையையும் டயலில் உள்ள எழுத்தையும். இரண்டும் எனக்கு முக்கியமாகப் படவில்லை. டயலில் உள்ள எண் தப்பாக இருக்கலாம், எழுத்து அழிந்திருக்கலாம். மேலே 40 கிளிக் (குமிழைத் திருப்பும்போது சத்தத்தோடு நகரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) போய், 40 கிளிக் கீழே வந்தால் புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வருகிறதா? அது மட்டும்தான் கேள்வி.

மாட்டும் வேலை நம்பர் 4-ல் சுலபம். இதற்கென்று வந்த சைட்கள் ரைஃபிளில் ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே உட்காரும். டிரில் போட வேண்டாம். பழைய பின் சைட்டைப் பிடித்திருக்கும் ஊசியைத் தட்டி எடுத்தால் அந்த இடத்தில் புது சைட்டின் அடித்தகடு இடது பக்கமாக ஏறும். கழற்றிய ஊசி, ஸ்ப்ரிங், சைட் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, எந்த ரைஃபிளுடையது என்று மேலே எழுதி வையுங்கள்.

தகடு ரிசீவரோடு முழுதாக ஒட்டுகிறதா என்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ரிசீவர் பக்கம் மார்க்கர் மை பூசி, தகட்டை வைத்து லேசாக முடுக்கிக் கழற்றிப் பார்த்தேன். மை இரண்டு முனையில் மட்டும் ஒட்டியிருந்தது. நடுவில் வெளிச்சம் போகும் அளவுக்கு இடைவெளி. அப்படியே இறுக்கினால் தகடு வளையும், ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அசையும். ரிசீவரைத் தொடக் கூடாது. சைட்டின் தகட்டை மட்டும் கண்ணாடி மேல் விரித்த எமரித் தாளில் தேய்த்து, மை பரவலாக ஒட்டும்வரை கொண்டுவந்தேன். அப்புறம் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, திருகில் ஒரு துளி லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை). பிறகு கழற்றக்கூடிய ரகமாகப் பார்த்துப் போட வேண்டும், சிவப்பு வேண்டாம்.

திருகு தொலைந்த சைட் மலிவாகக் கிடைக்கும். யோசித்து வாங்குங்கள். பழைய பிரிட்டிஷ் சைட்களில் பெரும்பாலும் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற பழைய திருகு அளவு முறை) மரைதான் இருக்கும். 4 பி.ஏ. திருகின் விட்டம் 3.6 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.66. கையில் இருக்கும் எம்3.5 திருகு கிட்டத்தட்ட அதே தடிமன் என்பதால் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போய்விடும். ஆனால் அதன் இடைவெளி 0.6, மரையின் கோணமும் வேறு. பலம் கொடுத்து முடுக்கினால் துளையின் மரை காலி. பி.ஏ. திருகு தேடிப் பிடிப்பது அலைச்சல்தான், வேறு வழியில்லை.

சைட்டுக்கென்று துளையே இல்லாத ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு இது வேறு கதை. அமெரிக்க ரிசீவர் சைட்களுக்கு 6-48 மரை போட வேண்டும், அதாவது சுமார் 3.5 மில்லிமீட்டர் விட்டத்தில் அங்குலத்துக்கு 48 சுற்று. பழைய ராணுவ ரிசீவர்களில் மேல்தோல் கடினப்படுத்தியிருப்பார்கள். சாதாரண டிரில் வழுக்கும், மரை வெட்டும் டேப் உள்ளே ஒடியும். உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது. அசல் நிலையில் இருக்கும் ராணுவ ரைஃபிளில் புதிதாகத் துளை போடுவதை நான் செய்யமாட்டேன். ஒரு துளை போட்டாலே சேகரிப்பவர்கள் மதிப்பைக் குறைத்துவிடுவார்கள். நமக்கும் மனசு உறுத்தும்.

சரி, திரும்பி வருகிறதா என்பதற்கு வருவோம். இதற்குக் குண்டு செலவழிக்க வேண்டியதில்லை. சேம்பர் காலியா என்று பார்த்து, போல்ட்டை உருவி எடுத்து, ரைஃபிளைத் துணி சுற்றிய வைஸில் அசையாமல் பிடித்தேன். 10 மீட்டர் தள்ளி ஒரு கிராஃப் தாள். சைட் நகர்வை அளக்கும் கோண அளவு எம்.ஓ.ஏ.; ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர், 10 மீட்டரில் 2.9. கால் எம்.ஓ.ஏ. கிளிக் என்றால் 40 கிளிக்குக்கு, துளை வழியாகப் பார்க்கையில் முன் சைட்டின் மேல் விளிம்பு தாளில் 29 மில்லிமீட்டர் நகர வேண்டும். என்னுடையதில் 31 வரை போகிறது. ஆட்சேபம் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டால் தீர்ந்தது.

இந்த வித்தியாசம் வர எளிய காரணம் ஒன்று உண்டு. கிளிக் என்பது திருகு நகரும் தூரம். 73 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு எம்.ஓ.ஏ. வெறும் 0.21 மில்லிமீட்டர், கால் எம்.ஓ.ஏ. 0.05 சொச்சம். அதே சைட்டை 60 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள குட்டை ரைஃபிளில் மாட்டினால் அதே கிளிக் 0.3 எம்.ஓ.ஏ. ஆகிவிடும். டயலில் ‘கால்’ என்று பொறித்திருப்பது ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு மட்டுமே உண்மை. வேறு ரைஃபிளிலிருந்து வந்த சைட் என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது திருகு மரையில் உள்ள ஆட்டம். பெடலைத் திருப்பி மிதிக்கும்போது முதலில் கொஞ்சம் சும்மா சுற்றும் அல்லவா, அதே கதைதான். மேலே போய்க்கொண்டிருந்த திருகைக் கீழே திருப்பினால் முதல் ஒன்றிரண்டு கிளிக்குக்கு சத்தம் வரும், தாளில் ஒன்றும் நகராது. நெடுநாள் உழைத்த மரையில் இது இருக்கத்தான் செய்யும். இதற்காகச் சைட்டைத் தூக்கிப் போட வேண்டாம். எந்தத் திருத்தமாக இருந்தாலும் கடைசித் திருப்பு எப்போதும் மேல் நோக்கியே இருக்கட்டும். 300 கஜத்திலிருந்து 200-க்கு இறங்க வேண்டுமா, வேண்டிய இடத்தைத் தாண்டி நான்கைந்து கிளிக் கீழே போய், பிறகு ஏறி வாருங்கள். இதைப் பழக்கமாக்கிய பிறகு உயரத்தில் எனக்கு ஏமாற்றம் வந்ததில்லை. இடம் வலத்துக்கும் ஒரு திசையை முடிவு செய்து அதிலேயே நிற்க வேண்டும்.

மாட்டிய புதிதில் எல்லாக் குண்டும் மேலேயோ கீழேயோ போகும். சைட்டின் எல்லையைத் தொட்டும் சரிவராது. அப்போது மாற்ற வேண்டியது முன் சைட்டை. நம்பர் 4-க்கு முன் சைட் பிளேடு பல உயரங்களில் உண்டு, அடுத்தடுத்த அளவுக்கு 0.015 அங்குல வித்தியாசம். கணக்குப் போட்டால் ஒரு அளவு மாற்றினால் 100 மீட்டரில் சுமார் 5 சென்டிமீட்டர். குண்டு மேலே போனால் உயரமான பிளேடு, கீழே போனால் குட்டை. பின் சைட்டுக்கு இது நேர் எதிர் என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி கண். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சைட் ஒரு வரம். சின்னத் துளை வழியாகப் பார்க்கும்போது கிட்டப் பொருளும் தூரப் பொருளும் ஒரே நேரத்தில் ஓரளவு தெளிவாகத் தெரியும். வெட்டுச் சைட்டில் மங்கித் தெரிந்த முன் பிளேடு எனக்கு இதில் கத்தியாகத் தெரிகிறது. துளையின் நடுவில் வைக்கிறோமா என்று கவலைப்பட வேண்டாம், கண் தானாகவே நடுவைப் பிடித்துக்கொள்ளும். முன் பிளேடைப் பாருங்கள், அது போதும்.

அதற்காகத் துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்று போகக் கூடாது. வெளிச்சம் குறைந்தால் டார்கெட்டின் கறுப்பு சாம்பலாகிவிடும். துளை ரொம்பவே சுருங்கினால் ஒளி சிதறி விளிம்பே மங்கும். பார்க்கர்-ஹேலின் ஆறு துளை ஐபீஸ் இதற்குத்தான். தகட்டைச் சுழற்றினால் அளவு மாறும். நண்பகலில் சிறியது, மேகம் மூடினால் ஒன்றிரண்டு அளவு பெரியது. சூட்டிங்கின் நடுவில் மாற்றினால் முதல் குண்டை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள்.

முன் சைட் பளபளத்தால் எல்லாம் வீண். வெயில் ஒரு பக்கமாக அடித்தால் பிளேடின் அந்த விளிம்பு வெளுத்து, கண் அதைக் கழித்துவிட்டு மீதியைத்தான் பிளேடாக எடுத்துக்கொள்ளும். குண்டுகள் மொத்தமாக நகரும். கற்பூரப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவது பழைய டார்கெட் சூட்டர்களின் வழக்கம். இன்றும் அதைவிட மந்தமான கறுப்பு எனக்குக் கிடைக்கவில்லை. விரல் பட்டால் போய்விடும், அவ்வளவுதான். போட்டி விதி இடம் கொடுத்தால் குழாய் வடிவ முன் சைட் இன்னும் நல்லது. அதில் வளையம் போடுபவர்கள் டார்கெட்டின் கறுப்பைச் சுற்றித் தாராளமாக வெள்ளை தெரியும்படி பெரிய வளையத்தையே போடுங்கள். இறுக்கமான வளையத்தில் எது நடு என்று கண்ணால் சொல்ல முடியாது.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. வந்தபோது உள்ளே பழைய கிரீஸ் பிசினாகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ் போட்டு எடுத்தபின் கிளிக் சத்தமே மாறிவிட்டது. இப்போது மெல்லிய எண்ணெய் மட்டும், அதுவும் துளியளவு. டயல் பொறிப்பில் வெள்ளைப் பெயிண்டைத் தேய்த்து மேலே துடைத்துவிட்டால் எண்கள் நன்றாகத் தெரியும்.

தொந்தரவு என்றால் இரண்டு. பேரலைச் சுத்தம் செய்ய போல்ட்டை முழுதாக உருவும்போது சைட்டின் கை குறுக்கே நிற்கும், அதை உயர்த்திக்கொண்டுதான் உருவ வேண்டும். முடிந்ததும் நோட்டைப் பார்த்து, கீழே போய் ஏறி, பழைய எண்ணுக்கு வர வேண்டும். இன்னொன்று, இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ். உறையில் நுழைக்கும்போதும் எடுக்கும்போதும் உரசித் திரும்பிவிடும். ரேஞ்சுக்குப் போனதும் முதல் வேலையாக இரண்டு டயலையும் நோட்டோடு ஒப்பிடுகிறேன். உறையின் ஸ்பாஞ்சில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்ட பிறகு தொல்லை குறைந்திருக்கிறது.