வாசல் தோரணம்: பனை ஓலையா, சிப்பியா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திலிருந்து சாயல்குடி வரைக்கும் கடலோர வீடுகளில், கையால் ஒரு வாசல் தோரணம் செய்யலாம் என்று உட்கார்ந்தால் அதிகம் காசில்லாமல் கிடைக்கும் பொருள் இரண்டு. ஒன்று பனை ஓலை, இன்னொன்று கரையில் ஒதுங்கும் சிப்பி. காகிதப் பூவும் ரிப்பனும் இங்கே கணக்கில் சேராது. ஈர உப்புக்காற்றில் காகிதம் சில நாளிலேயே தொய்ந்துபோகும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டுக்குள் ஓலை, காற்று நேராக அடிக்கும் திண்ணையில் சிப்பி. ஓலையைக் கொண்டுபோய் வெளியில் கட்டினால் ஒரு கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தைக்கூட ஒழுங்காகத் தாண்டாது.

மூன்றடி அகல வாசலுக்கு ஒன்பது சரம் என்று அளவு வைத்துக்கொள்வோம்.

ஓலைக்கு வேண்டியது குருத்தோலை. விரிந்து பச்சையேறிய ஓலையை எடுத்தால் காய்ந்தபின் மடிப்பு மடிப்பாக ஒடியும். ஒரு குருத்தே போதும், மிச்சமும் இருக்கும். ஒரே மரத்தில் இரண்டாவது குருத்தில் கை வைக்க வேண்டாம், மரம் தளர்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். காயும்போது ஒரு தூறல் பட்டால்கூடக் கறுப்புப் புள்ளி விழும், அப்புறம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. காய்ந்ததும் ஈர்க்கை உரித்துவிட்டு, ஒரு சென்டிமீட்டர் அகல நறுக்குகளாக வார வேண்டும். எல்லா நறுக்கும் ஒரே அகலமாக இருந்தால்தான் பின்னல் சதுரமாக நிற்கும்.

ஓலை வேலையில் கெடுவது பெரும்பாலும் ஊறவைப்பதில்தான். முடைவதற்கு முன் தண்ணீரில் பதினைந்து நிமிடம் போட்டு எடுத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஊறாத நறுக்கு மடிக்கும் இடத்தில் வெடிக்கும். அதிகம் ஊறியதோ உப்பிப்போயிருக்கும். முடையும்போது இறுக்கமாகத் தெரியும், மறுநாள் காய்ந்து சுருங்கியதும் கட்டத்துக்குக் கட்டம் வெளிச்சம் தெரியும். சரியாக ஊறிய நறுக்கை விரலில் சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் மெல்லப் பிரியும். படக்கென்று விறைத்துக்கொண்டு நிமிர்ந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும்.

சரத்துக்கு மூன்று கிலுகிலுப்பை, மொத்தம் இருபத்தேழு. நான்கு நறுக்கில் ஒரு சிறு பெட்டியாக முடைந்து, மூடுவதற்கு முன் உள்ளே இரண்டு பொடிக்கல் போட வேண்டும். பயறு போட்டால் வண்டு விழும். அழகாக இருக்கிறதென்று குன்றிமணி போடவே கூடாது. அது விஷம், பின்னல் பிரிந்து குழந்தை வாய்க்குப் போனால் ஆபத்து. குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடித்துப் பழகிய கைக்கு இந்த முடைச்சல் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

நிறம் வேண்டுமானால் ஓலைப்பெட்டி முடைபவர்கள் வாங்கும் சாயப்பொடியே நல்லது. மூன்று லிட்டர் கொதிநீருக்கு ஒரு தேக்கரண்டி. முன்பே நனைத்த நறுக்கைப் பத்து நிமிடம் போட்டு, அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். உலர்ந்த நறுக்கை அப்படியே போட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மஞ்சள்தூளிலும் நிறம் ஏறும், ஆனால் வெயில் பட்டால் வெகு சீக்கிரம் வெளுக்கும்.

சிப்பிக்கு வருவோம். இங்கே பொருள் சும்மா கிடைக்கிறது, ஆனால் எதை எடுக்கிறோம், எங்கிருந்து எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் பொறுக்கக் கூடாது. கரையில் கிடந்தாலும் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை மூன்றையும் தொட வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவை வருகின்றன, சங்குகளிலும் சிப்பிகளிலும் சில வகைகள் உண்டு. தோரணத்துக்கு உள்ளே உயிரில்லாத, வெறும் ஓடாக ஒதுங்கிய சாதாரண மட்டிச் சிப்பியே போதும். சரத்துக்குப் பன்னிரண்டு வீதம் நூற்றெட்டு, உடைவதற்குச் சேர்த்து நூற்று இருபது எடுத்துக்கொள்ளலாம்.

பொறுக்கியதும் கோத்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஓட்டில் ஒட்டியிருக்கும் கடலுப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வார்னிஷ் அடித்தால் அடியில் வெள்ளை பூத்து உரியும், ஒட்டிய பசையும் விட்டுவிடும். நல்ல தண்ணீரில் மூன்று நாள், தினம் தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். கறை போக, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் போட்டு, நன்றாக அலசினால் போதும். வினிகரும் ஆசிட்டும் ஆகாது. சிப்பி சுண்ணாம்புப் பொருள். நுரைத்துக் கரைந்து, மேல்வரி எல்லாம் மழுங்கிப்போகும். பிளீச்சிங்கோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து.

துளை போட ஆணியும் சுத்தியும் எடுத்தால் பாதிக்குப் பாதி பிளக்கும். மட்டியின் முதுகில், இரண்டு ஓடும் சேரும் இடத்துக்கு மேலே ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டை நனைத்த சிமெண்டுத் தரையில் வைத்துத் தேய்த்தால் முதலில் மாவு போல வெள்ளையாக வரும், பிறகு ஊசிமுனை அளவுக்கு ஒரு கண் திறக்கும். அதை ஒரு ஆணிமுனையால் திருகிப் பெரிதாக்கினால் போதும். தரையை ஈரமாக வைத்திருப்பது முக்கியம்; காய்ந்த தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது.

கோக்கத் தங்கூசி, அதாவது மீன்பிடிக்கும் நைலான் நரம்புதான் சரி. பருத்தி நூல் இற்றுப்போகும், கட்டுக்கம்பி துருப்பிடித்து வெள்ளைச் சிப்பியில் செம்மண் நிறத்தில் வழியும். 0.40 மில்லிமீட்டர் தங்கூசி பத்து மீட்டர் இருந்தால் ஒன்றரை அடிச் சரம் ஒன்பதும் முடிந்துவிடும். ஒவ்வொரு சிப்பிக்கும் அடியில் இரட்டை முடிச்சு, ஒன்றரை அங்குல இடைவெளி. தங்கூசி முடிச்சு வழுக்கும், அதனால் கடைசி முனையைத் தீக்குச்சியால் லேசாகச் சுட்டு உருட்டிவிட வேண்டும். வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு டியூப் கலந்து பூசும் எபாக்ஸி வாங்க வேண்டும்.

உழைப்பில் பார்த்தால் ஓலை ஜெயிக்கிறது. ஓலை காய்ந்த பிறகு இரண்டு மாலைப் பொழுதில் வேலை முடியும், சிப்பி துளை போடவே அவ்வளவு நேரம் பிடிக்கும். ஓலைத் தோரணத்தை ஒரு சிறு ஆணி தாங்கும். சிப்பித் தோரணம் அரைக் கிலோவை நெருங்கும், பித்தளைக் கொக்கியோ எவர்சில்வர் திருகாணியோ வேண்டும்.

பராமரிப்பு என்று வந்தால் கதை மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலையில் சாம்பல் பூசினாற்போல் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் தலைகாட்டும்போது அரை மணி நேரம் வெளியில் காட்ட வேண்டும். ஈரம் முழுக்கப் போகாமல் வார்னிஷ் அடித்தால் பூஞ்சையை உள்ளேயே பூட்டி வைத்தது போலாகும். சிப்பியை மாதம் ஒருமுறை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் தீர்ந்தது. பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். சிக்கடித்து, தூசியையும் பிடித்துக்கொள்ளும்.

பாம்பன் போலக் காற்று ஓயாத இடத்தில் சிப்பிச் சரங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சரத்துக்குச் சரம் நான்கு அங்குலம் விட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் கனமான சிப்பி ஒன்றைக் கட்டிவிட்டால் பின்னுவது வெகுவாகக் குறையும்.