நீவ், ஈஃபா, ஸீர்ஷா, ஃபீயா: நான்கு ஐரிஷ் பெயர்களில் எது பழசு, எது புதுசு?

பெண் குழந்தைக்கு ஐரிஷ் பெயர் தேடுகிறவர்கள் கண்ணில் இந்த நான்கும் அடிக்கடி படும். பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் நான்கையும் ‘பழமையான கெல்டிக் பெயர்’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. நீவும் ஈஃபாவும் புராணக் கதைகளிலிருந்து வந்த பெயர்கள். ஸீர்ஷாவும் ஃபீயாவும் அகராதியிலிருந்து வந்தவை. பழைய சொற்கள்தான், ஆனால் பெயர்களாக மிகவும் இளையவை.

முதலில் எழுத்துக்கூட்டல் சங்கதியை முடித்துவிடலாம். என், ஐ, ஏ, எம், எச் என்று எழுதியிருப்பதை ‘நீவ்’ என்று படிக்க வேண்டும். எம்முக்குப் பக்கத்தில் எச் வந்தால் ஐரிஷ் மொழியில் அது ‘வ்’. பழைய ஐரிஷ் எழுத்தில் இந்த எச் கிடையாது. எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். நம் புள்ளி மெய்யிலிருந்து உயிரைக் கழற்றும், அவர்கள் புள்ளி மெய்யையே மெலிய வைக்கும். இருபதாம் நூற்றாண்டில் ரோமன் அச்செழுத்துக்கு மாறியபோது புள்ளி போய் எச் நிலைத்தது. கனிமொழியை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ழ’வுக்காக இசட்டும் எச்சும் போடுகிறோமே, அதைப் பார்த்து வெளியூர்க்காரர் திணறுவது போலத்தான் இதுவும்.

நீவ் என்றால் ஒளி, பிரகாசம். கதையில் வரும் நீவ், கடல் தெய்வம் மனனானின் மகள்; பொன்கூந்தல்காரி. வெள்ளைக் குதிரையில் வந்து ஒஷீன் என்ற வீரனை மூப்பே இல்லாத நாட்டுக்கு அழைத்துப் போகிறாள். மூன்று வருடம் ஆயிற்று என்று நினைத்து அவன் ஊர் திரும்பினால், இங்கே முந்நூறு வருடம் கழிந்திருக்கிறது. குதிரையிலிருந்து தவறித் தரையைத் தொட்டதும் கிழவனாகிவிடுகிறான். பெயரின் பின்னால் இருக்கும் கதை என்று பார்த்தால் நான்கில் இதுதான் அழகு. சொல்வதற்கும் ஒரே அசை.

ஈஃபாவின் நிலைமை சிக்கலானது. அழகு, பொலிவு என்று பொருள் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பெயரில் ஒருத்தி மட்டும் இல்லை. ஒரு ஈஃபா, ஐரிஷ் புராணத்தின் மாவீரன் கூஹுலினைப் போர்க்களத்தில் எதிர்த்து நின்றவள். அவளை நேராக வெல்ல முடியாமல், ‘உன் தேரும் குதிரைகளும் பள்ளத்தில் விழுந்துவிட்டன’ என்று கத்தி, அவள் திரும்பிப் பார்த்த நொடியில்தான் அவன் பிடிக்கிறான். இன்னொரு ஈஃபா, லிர் மன்னனின் நான்கு பிள்ளைகளையும் தொள்ளாயிரம் வருடம் அன்னப்பறவைகளாகத் திரியச் சபித்த மாற்றாந்தாய். மூன்றாமவள் வரலாற்றுக்காரி: லென்ஸ்டர் மன்னனின் மகள், 1170-இல் வாட்டர்ஃபோர்டில் நார்மன் தளபதி ஸ்ட்ராங்போவை மணந்தவள். ஆங்கிலத்தில் இவளை ஈவா என்று எழுதிவிட்டார்கள். அதனால் ஈஃபாவும் பைபிள் ஏவாளும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. ஓசை கிட்டத்தில் வருகிறது, அவ்வளவுதான், வேர் வேறு.

டப்ளினில் பார்னெல் சதுக்கத்தை ஒட்டி, விடுதலைக்காக உயிர் கொடுத்தவர்களின் நினைவுக்காக 1966-இல் திறந்த பூங்கா ஒன்று இருக்கிறது. அந்த அன்னப்பிள்ளைகளின் சிலை அங்கேதான் நிற்கிறது. வடித்த சிற்பி ஒஷீன் கெல்லி. நீவ் கூட்டிப்போனவனின் பெயரேதான். பூங்காச் சுவரில் பொறித்திருக்கும் ஐரிஷ் வரிகளில் நம் மூன்றாவது பெயரும் சொல்லாக வருகிறது. ஸீர்ஷா என்றால் சுதந்திரம். 1922-இல் பிறந்த ஐரிஷ் சுதந்திர நாட்டின் ஐரிஷ் பெயரிலும் இதே வேர் இருக்கிறது. பிரிட்டனோடு மோதிய அந்தக் காலத்துக்குப் பிறகுதான் குழந்தைகளுக்கு இதை வைக்கத் தொடங்கினார்கள். எந்தப் புராண நாயகிக்கும் இந்தப் பெயர் கிடையாது. நம் ஊரில் விடுதலை என்று பெயர் வைப்பது மாதிரி, கொள்கைப் பிடிப்பில் வந்த பெயர்.

உச்சரிப்பில்தான் தகராறு. வடக்கே ஸீர்ஷா, சில இடங்களில் ஸேர்ஷா. நடிகை ஸர்ஷா ரோனன் தன் பெயரைச் சொல்வது இன்னொரு விதம். எல்லாமே சரிதான், ஆனால் சுமக்க வேண்டியது குழந்தை. ரோனனின் புகழால் அயர்லாந்துக்கு வெளியே இந்தப் பெயர் பரவியது. அமெரிக்காவில் 2016-இல் முதல் ஆயிரம் பெயர்களுக்குள் நுழைந்தது.

அப்புறம் ஃபீயா. மான் என்றும் சொல்லலாம், காட்டுத்தன்மை என்றும் சொல்லலாம். பெயராக இது நேற்று வந்தது; ஒரு தலைமுறைக்கு முன் எந்த வகுப்பிலும் ஃபீயா என்று ஒரு பிள்ளை இருந்திருக்க வாய்ப்பு குறைவு. 2021-இல் அயர்லாந்தின் பெண் குழந்தைப் பெயர்களில் இதுவே முதலிடம். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் முதல் பத்துக்குள் இருந்த நீவும் ஈஃபாவும் இப்போது அம்மாக்களின், சித்திகளின் பெயர்களாகிவிட்டன. இதில் ஒரு வேடிக்கை. மானைக் குறிக்கும் சொல்லின் கடைசியில் இருந்த ஒலிக்காத டியையும் எச்சையும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த எழுத்துச் சீர்திருத்தம் வெட்டிவிட்டது. பெற்றோர்கள் அதை எடுத்து ஒட்டிப் பதிவு செய்கிறார்கள். நான்கில் மிக இளைய பெயர் மிகப் பழைய உடையைப் போட்டுக்கொண்டு வருகிறது.

வகுப்பில் ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கக்கூடாது என்றால் ஃபீயா இப்போதைக்கு வேண்டாம். ஊர் ஊராக உச்சரிப்பைத் திருத்தப் பொறுமை இல்லையென்றால் ஸீர்ஷாவையும் விட்டுவிடலாம். நீவுக்கும் ஈஃபாவுக்கும் நடுவே என்றால் நான் ஈஃபா பக்கம். காகிதத்தில் மிரட்டினாலும் ஒருமுறை காதில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். மாற்றாந்தாய்க் கதையை யாராவது இழுத்தால், கூஹுலினே பொய் சொல்லித்தான் ஜெயித்தான் என்று பதில் சொல்லிக்கொள்ளலாம்.